பிள்ளையை எங்கே சேர்க்கப் போகிறீர்கள்?



ஆட்டையாம்பட்டி என்றால் ஊருக்கெல்லாம் நினைவுக்கு வருவது கை முறுக்கு. அந்த வழியாகப் போகிறவர்கள் உறவினர் வீட்டுக்கு ஒரு பொட்டலமாவது வாங்காமல் போவதில்லை. ஆனால் பள்ளிக்கூட நாட்களில் காலை நேரத்தில் அந்த ஊர்க் கடைத்தெருவில் ஒரு நாள் நின்று பாருங்கள். முறுக்குச் சட்டி அடுப்பில் ஏறும் முன்பே மஞ்சள் வண்டிகள் வந்துவிடுகின்றன. ஒரு பக்கம் ராசிபுரம், இன்னொரு பக்கம் திருச்செங்கோடு, மறுபக்கம் சேலம். எந்தப் பக்கம் போனாலும் பள்ளிக்கூட விளம்பரம்! தூக்கம் கலையாத பச்சைக் குழந்தைகளைத் தாய்மார்கள் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஒரு நிக்காஹுக்காக அந்த ஊருக்குப் போயிருந்தபோது, அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்த ஒரு சகோதரர் என்னைத் தனியே அழைத்துப் போனார். சிறிய ஜவுளிக் கடை வைத்திருப்பவர். கடையில் உட்கார வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, மெல்ல ஆரம்பித்தார்.

“பாய், ஒரு யோசனை கேட்கணும். மக இந்த வருஷம் அஞ்சாம் வகுப்பு முடிக்கிறா. இதுவரைக்கும் தனியார் இங்கிலீஷ் மீடியம். இனிமே கட்டுப்படி ஆகாது, அரசுப் பள்ளியில போட்டுடலாம்னு இருக்கேன். எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணுதானே! பையனுக்கு எல்.கே.ஜி. வயசு. அவனை மட்டும் வண்டி வர்ற நல்ல பள்ளியில சேர்க்கணும். கையில காசு இல்ல. ஃபைனான்ஸ்ல வாங்கிக் கட்டிடலாமான்னு பார்க்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?”

சகோதரர்களே! இந்த ஒரு கேள்விக்குள் நம் சமுதாயத்தின் நான்கு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. வட்டி, பெண் பிள்ளையைப் பற்றிய அலட்சியம், விளம்பரத்துக்கு மயங்குதல், அரசு தரும் உரிமையை அறியாமை. அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் நல்ல தகப்பன். தன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்க நினைக்கிறார். அதனால்தான் இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இது அவர் ஒருவருடைய கேள்வியும் அல்ல.

முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் மதரஸாவுக்குத்தான் போகிறார்கள் என்று சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். 2006இல் வந்த நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பள்ளி வயதில் உள்ள முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மதரஸாவில் படிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான் என்று அது சொன்னது. மற்ற எல்லோரும் பொதுப் பள்ளிக்குப் போக வேண்டியவர்கள். ஆகவே எந்தப் பள்ளி என்ற கேள்விதான் நம் வீடுகளின் உண்மையான கேள்வி.

மஞ்சள் வண்டியின் கதை

நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கோழிப் பண்ணைக்கும் லாரிக்கும் பேர் போன அந்தப் பகுதி, விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளுக்கும் பேர் பெற்றது. தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2007இல் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. அதன் பிறகு பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வாசல் என்றானது. அந்தப் பள்ளிகளின் செல்வாக்கு உச்சத்துக்கு ஏறியது.

அவர்கள் கையாண்ட வித்தை என்ன? பதினோராம் வகுப்புப் பாடத்தை மூடி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் திரும்பத் திரும்ப நடத்துவது. விடியற்காலை எழுப்பி இரவு வரை தேர்வு மேல் தேர்வு எழுத வைப்பது. மக்களே இதற்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர் வைத்தார்கள். தீனி போட்டு எடை ஏற்றும் கோழிப் பண்ணைக்குப் பக்கத்திலேயே அந்தப் பள்ளிகளும் இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. மதிப்பெண் வந்தது உண்மை. ஆனால் பதினோராம் வகுப்புப் பாடமே தெரியாமல் பொறியியல் கல்லூரிக்குப் போன பிள்ளை, முதல் வருடக் கணிதத்தில் திணறியதும் உண்மை.

பிறகு காலம் மாறியது. 2017இல் நீட் தேர்வு தமிழகத்தில் முழுமையாக வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மருத்துவ இடம் பிடிக்கும் காலம் முடிந்தது. அதே 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை வெளியிடும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. அந்தப் பொதுத் தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து மீண்டும் நீக்கப்பட்டிருக்கிறது. எனவே, பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்துவீர்களா என்று பள்ளி நிர்வாகத்திடம் கேட்கும் பொறுப்பு இப்போது பெற்றோர் தலையில் விழுந்திருக்கிறது. கேட்டுவிடுங்கள்!

இன்னொரு செய்தி. மெட்ரிக் பள்ளியில் வேறு பாடம், அரசுப் பள்ளியில் வேறு பாடம் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. அன்று முதல் மாநிலப் பாடத்திட்டத்தில் உள்ள மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பொதுவான பாடத்திட்டம். பத்தாம் வகுப்பில் ஒரே பொதுத் தேர்வு. சி.பி.எஸ்.இ. பள்ளி மட்டும் வேறு. நீங்கள் பணம் கட்டுவது வேறு பாடத்துக்கு அல்ல. கட்டடத்துக்கும், வண்டிக்கும், ஆங்கிலப் பேச்சுக்கும், கண்டிப்புக்கும்தான். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதுதான் வியாபாரிக்கு அழகு.

கணக்குப் போடுங்கள்

நீங்கள் வியாபாரி. ஒரு பீஸ் துணி எடுப்பதென்றால் கூட மீட்டர் விலை, கூலி, போக்குவரத்து, மிச்சம் என்று கணக்குப் பார்ப்பீர்கள். பிள்ளையின் படிப்புக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்ப்பதில்லை?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கட்டணம் வருடத்துக்கு 30,000 ரூபாய், வண்டிக்கும் சீருடைக்கும் புத்தகத்துக்கும் 10,000 ரூபாய். மொத்தம் 40,000. எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பதினான்கு வருடம். 5,60,000 ரூபாய். கட்டணம் வருடா வருடம் ஏறுவதைச் சேர்க்கவில்லை. இதை இரண்டு வட்டிக்கு வாங்கிப் பத்து மாதத்தில் அடைப்பதென்றால், அசல் குறையாத கணக்கில் வருடத்துக்கு 8,000 ரூபாய் வட்டி மட்டும் போகிறது. ஒரே பிள்ளைக்கு! இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளை உள்ள வீடு என்னாகும்? கடையின் முதல் கரைகிறது. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. கடைசியில் பிள்ளை கல்லூரி வாசலுக்கு வரும்போது தகப்பன் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

சகோதரர்களே! வட்டி வாங்குவது ஹராம் என்று நமக்குத் தெரியும். கொடுப்பதும் அதே பாவத்தில் பங்குதான் என்பதையும் ஹஜ்ரத்மார்கள் ஒவ்வொரு வருடமும் மிம்பரில் நின்று சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு வட்டி வாங்கினால் முகம் சுளிக்கிற நாம், பள்ளிக் கட்டணத்துக்கு வாங்கினால் மட்டும் ‘படிப்புக்குத்தானே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஹலாலான உழைப்பில் கட்ட முடிந்தால் கட்டுங்கள். முடியாவிட்டால், உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. அந்த வழி தாழ்ந்த வழியும் அல்ல.

கட்டணத்திலும் கண் வேண்டும். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்த 2009இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான குழுதான் ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்க வேண்டும். உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். சரக்குக்கு பில் கேட்கிற நாம், பள்ளிக்கூடத்தில் மட்டும் கை கட்டி நிற்பது ஏன்?

ஆறாம் வகுப்பு என்ற வாசல்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கவனமாகப் படியுங்கள். படித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரருக்கும் சொல்லுங்கள்.

2020இல் தமிழக அரசு ஒரு சட்டம் இயற்றியது. மருத்துவம், பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம். நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும். அதற்கு முந்தைய வருடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருடத்திலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இந்த 7.5 சதவீதம் விரிந்தது. இப்படிச் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் மருத்துவ ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது.

நமக்கு 2007இல் கிடைத்த 3.5 சதவீத இட ஒதுக்கீட்டை நினைத்துப் பாருங்கள். எத்தனை வருடக் கோரிக்கை அது! இந்த 7.5 சதவீதம் ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் பொருந்துகிறது. அதாவது, அரசுப் பள்ளியில் படித்த முஸ்லிம் பிள்ளைக்கு வாசலுக்குள் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசலுக்குள் போட்டியிட நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஆனால் ஒரு நிபந்தனை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ‘எட்டு வரைக்கும் தனியார், ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி’ என்று மாற்றினால் இந்த உரிமை போயிற்று! கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியும் இந்த 7.5 சதவீதக் கணக்கில் சேராது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். விவரம் தெரியாமல் சேர்த்துவிட்டுப் பிறகு கைசேதப்பட்டுப் பயனில்லை.

அதே ஆறாம் வகுப்புக் கணக்குதான் மற்றதற்கும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது.

இன்னொன்று உண்டு. இது ஆறாம் வகுப்பில் அல்ல, ஒன்றாம் வகுப்பிலேயே முடிவாகிவிடும். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் திருத்தினார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகளும் திறக்கப்பட்டன. அந்தப் பிரிவில் படித்தால் 7.5 சதவீதம் உண்டு. தமிழ் வழி முன்னுரிமை கிடையாது. எது உங்கள் பிள்ளைக்கு வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து முடிவெடுங்கள்.

இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண்ணா?

அந்த ஜவுளிக் கடைச் சகோதரரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. ஏன் தெரியுமா? மகளுக்கு ‘இது போதும்’ என்று அவர் ஒதுக்கிய பள்ளியில்தான் இத்தனை உரிமையும் இருக்கிறது. சரியாக ஆறாம் வகுப்பில் அவள் அந்த வாசலுக்குள் நுழையப் போகிறாள். அவர் எடுத்த முடிவு சரி. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தவறு!

இந்தக் காரணத்தை நம் வீடுகளிலிருந்து துடைத்தெறிய வேண்டும். ஆண் பிள்ளைக்கு மஞ்சள் வண்டி, பெண் பிள்ளைக்கு மிச்சம் மீதி என்ற பாகுபாடு எந்த மார்க்கத்தில் இருக்கிறது? மகளை அரசுப் பள்ளியில் சேர்ப்பதில் தவறில்லை. சேர்த்துவிட்டு, பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடுவதுதான் தவறு. பன்னிரண்டு முடிக்காவிட்டால் மேலே சொன்ன உரிமைகளில் பலவும் கையில் வராது.

செங்கோட்டையைப் பாருங்கள். அங்கே ஒரு விவசாயி வீட்டில் பிறந்து, அந்த ஊர் அரசுப் பெண்கள் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி அவர்கள், 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராய விண்ணில் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர். அந்தத் தகப்பன் ‘இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு’ என்று நினைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? ராமேஸ்வரத்தில் பஞ்சாயத்துத் தொடக்கப் பள்ளியில் படிப்பைத் தொடங்கிய அப்துல் கலாம் அவர்கள் எங்கே போனார் என்பதை உலகம் அறியும். நிகர் ஷாஜி அவர்களின் கதையையும் அதே அளவுக்கு நம் பெண் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

அரசுப் பள்ளியில் குறையே இல்லையா?

இருக்கிறது. மறைத்துப் பேசினால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம். இரண்டு வகுப்பை ஒரே ஆசிரியர் பார்க்கும் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. பாட ஆசிரியர் இல்லாமல் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் இடங்கள் இருக்கின்றன. கழிப்பறைக்குத் தண்ணீர் வராத பள்ளிகள் இருக்கின்றன. பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அதன் வேதனை தெரியும். நன்றாக நடக்கும் அரசுப் பள்ளியும் இருக்கிறது, பெயருக்கு நடக்கும் அரசுப் பள்ளியும் இருக்கிறது.

தனியார் பள்ளியிலும் அப்படித்தான். சொற்பச் சம்பளத்துக்கு வந்து, வேறு இடம் கிடைத்ததும் பாதி வருடத்தில் போய்விடும் ஆசிரியர்கள் எத்தனை பேர்! 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் நெருக்கிப் பிடித்து நடந்த தனியார் பள்ளியில் கூரை பற்றி எரிந்து 94 பிஞ்சுகள் கருகியதை மறந்துவிட்டோமா? பெயர்ப் பலகையில் ஆங்கிலம் இருந்ததைப் பார்த்தவர்கள், மேலே கீற்றுக் கூரை இருந்ததைப் பார்க்கவில்லை.

ஆகவே பள்ளியை விளம்பரத்தில் பார்க்காதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். எந்தப் பள்ளியானாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். என் பிள்ளையின் வகுப்பில் எத்தனை பேர்? தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்பது சட்டம். பாட ஆசிரியர்கள் எல்லோரும் இருக்கிறார்களா? கழிப்பறையைக் காட்டுங்கள். வண்டியில் எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறீர்கள்? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு விடுவீர்களா? மகள் முக்காடு போட்டு வந்தால் தடுப்பீர்களா? பிள்ளையை அடிப்பீர்களா? அடிப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. கேட்ட கேள்விக்கு முகம் கொடுத்துப் பதில் சொல்லாத பள்ளி, நாளை உங்கள் பிள்ளைக்கும் முகம் கொடுக்காது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டு ஒரு பத்தி தமிழ் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கழித்தல் கணக்குப் போடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தின் யோக்கியதை அங்கே தெரிந்துவிடும்.

இலவச இடமும் நம் பள்ளிகளும்

2009இல் நிறைவேறி 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை அரசு பணம் கட்டும். ஏழை வியாபாரிக்கு இது நல்ல வழி. ஆனால் மத்திய அரசின் நிதி வராத காரணத்தால் 2025-26 கல்வியாண்டின் சேர்க்கை தமிழகத்தில் இழுபட்டு அக்டோபரில்தான் நடந்தது. ஆகவே இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். விண்ணப்பம் போடுங்கள், மாற்று வழியும் வைத்திருங்கள்.

இங்கே ஒரு கசப்பான கேள்வியைக் கேட்டாக வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வழக்கு எப்படியும் போகட்டும். நம் உரிமையை நாம் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் சிறுபான்மைப் பள்ளி என்ற பெயரில் விலக்குப் பெற்றிருக்கும் நம் சமுதாயப் பள்ளிகள், தாமாக முன்வந்து எத்தனை ஏழை முஸ்லிம் பிள்ளைகளுக்கு இலவச இடம் கொடுக்கின்றன? சட்டம் கேட்கவில்லை என்பதற்காக அல்லாஹ்வும் கேட்க மாட்டான் என்று நினைத்துவிட்டோமா? வாணியம்பாடியிலும் திருச்சியிலும் உத்தமபாளையத்திலும் கல்விக்கூடம் கட்டிய நம் முன்னோர்கள் சமுதாயத்துக்காகச் சொத்தைக் கொடுத்தார்கள். அந்தப் பெயரில் நடக்கும் பள்ளி வாசலில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரின் பிள்ளை கட்டணம் இல்லாமல் திரும்பிப் போகக் கூடாது.

வாலிபர்களே, உங்களுக்கு!

அரசுப் பள்ளி சரியில்லை என்று டீக்கடையில் பேசுவது எளிது. சரி செய்ய ஒரு கதவு திறந்திருக்கிறது தெரியுமா? ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். சரிபாதிப் பெண்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டு மேலே அனுப்பும் இடம் அது. அந்தக் கூட்டத்துக்கு நம் ஆண்கள் போகிறார்களா? கடையை ஒரு மணி நேரம் மூடினால் வியாபாரம் கெட்டுவிடும் என்கிறோம். பிள்ளை கெட்டால் பரவாயில்லையா?

மஹல்லாவில் உள்ள வாலிபர்கள் நான்கு பேர் சேர்ந்தால் போதும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துக் கொடுங்கள். 3.5 சதவீதம் எல்லா முஸ்லிமுக்கும் தானாக வந்துவிடாது. லெப்பை, தெக்கனி முஸ்லிம், ஷேக், சையது, அன்சார், துதேகுலா, மாப்பிள்ளா என்று பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் சான்றிதழில் சரியாக இருக்க வேண்டும். ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பைக்குள் அடக்கம். பள்ளியில் சேர்க்கும்போது வெறுமனே ‘இஸ்லாம்’ என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிற பெற்றோரை நாம் வருடா வருடம் பார்க்கிறோம்.

தனியார் பள்ளியில் பாக்கி வைத்துவிட்டு மாற்றுச் சான்றிதழ் கிடைக்காமல் தவிக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்ற காரணத்தால் எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கட்டாயக் கல்விச் சட்டமே சொல்கிறது. மாற்றுச் சான்றிதழில் கட்டண பாக்கியை எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒரு பிள்ளையின் ஒரு வருடம் காப்பாற்றப்படும்.

மாலை மக்தப் முடிந்ததும் அதே இடத்தில், அதே பாயில், அரை மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கப் படித்த வாலிபர் ஒருவர் வரக் கூடாதா? அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் குறைவது பெரும்பாலும் அந்த அரை மணி நேரம்தான். தனியார் பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால், ஒரு மஹல்லா முழுவதற்கும் ஒரு டியூஷன் ஆசிரியரை வைத்துவிடலாம். பைத்துல்மாலில் பணம் இருக்கும் ஜமாஅத்துகள் இதை யோசிக்க வேண்டும்.

என் பதில்

சகோதரர்களே! எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. வசதி இருக்கிறது, ஹலாலான வருமானம் இருக்கிறது, பக்கத்தில் நல்ல தனியார் பள்ளி இருக்கிறது என்றால் சேருங்கள்; யாரும் தடுக்கவில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலானவர்கள் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் வியாபாரிகள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்டணத்துக்காக வட்டிக்குப் போகாதீர்கள். சின்ன வயதில் பிள்ளையை விடுதியில் தள்ளாதீர்கள். ஆறாம் வகுப்பு வரும்போது நின்று யோசியுங்கள். மகனுக்கு ஒரு தராசு, மகளுக்கு ஒரு தராசு வைக்காதீர்கள். எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

அந்த ஆட்டையாம்பட்டிச் சகோதரரிடமும் இதைத்தான் சொன்னேன். சில வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினார்.

“பாய், மகளை அரசு மேல்நிலைப் பள்ளியில சேர்த்துட்டேன். பன்னெண்டு முடிக்கிற வரைக்கும் மாப்பிள்ளைப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிட்டேன். பையன் விஷயத்துல மட்டும் மனசு கேட்கல. ஃபைனான்ஸுக்குப் போகல. ஊருக்குள்ளேயே கட்டணம் குறைஞ்ச ஒரு சின்னப் பள்ளியில கைக்காசு போட்டுச் சேர்த்திருக்கேன். அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். அப்புறம் அவனும் அக்கா பள்ளிக்கூடத்துக்குத்தான்.”

அவர் முழுவதும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் வட்டியிலிருந்து தப்பினார்; மகளின் காரணத்தை மாற்றிக்கொண்டார். அது போதும். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டமாம். ஜும்ஆ முடிந்ததும் கடையைத் திறக்காமல் நேராக அங்கே போகப் போவதாகச் சொன்னார்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் கூட்டம் எப்போது? விசாரித்தீர்களா?